ஒலிவமரம் வந்துச்சே, பாஸ்டர்

தேர்தல் தேதி அறிவித்த முதல் ஞாயிறே எங்கள் சபை ஜெபத்தில் ஒரு வரி சேர்ந்துவிடும்: "ஆண்டவரே, உமக்குச் சித்தமான தலைவர்களை எழுப்பும்." 2008-லும் சேர்ந்தது, 2013-லும் 2018-லும் 2022-லும் சேர்ந்தது. ஓட்டு எண்ணி முடிந்த மறு வாரம் அந்த வரி போய்விடும், வழக்கம்போல நோயாளிகளுக்காகவும் எஸ்.பி.எம். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காகவும் ஜெபிப்போம். அந்த ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை. ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கச் சொல்லித் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறது. அந்தக் காலத்து ரோம ராஜாக்கள் நம்முடைய ஒய்.பி.க்களான மக்கள் பிரதிநிதிகளைவிட நல்லவர்களும் இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. எழுப்பும், எழுப்பும் என்று கேட்கிறோம். எழும்பி வந்தவரை நாம் என்ன செய்தோம் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் சபையில் அதைக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு ஒழுங்காக எழுதப் படிக்கத் தெரியாது.

நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். தேர்தல் பற்றிப் பேச இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் இங்கே நின்றார். அவருக்குப் பின் 1974 முதல் 2008 வரை, அப்போது நாட்டை ஆண்ட பாரிசான் கூட்டணியிலிருந்த அதே கட்சியின் சாமிவேலு. 2008 மார்ச் 8 இரவு அவர் தோற்றார் என்ற செய்தி வந்தபோது, வெடி கொளுத்தியவர்களையும் பார்த்தேன், கதவைச் சாத்திக்கொண்டு அழுதவர்களையும் பார்த்தேன். சில வீடுகளில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே நடந்தது. நான் அப்போது அரசாங்கப் பள்ளி ஆசிரியை. மேடைப் பக்கம் போகக்கூடாது, கொடி பிடிக்கக்கூடாது என்ற விதிகள் எனக்கு மிகவும் சௌகரியமாக இருந்தன. யாராவது கருத்துக் கேட்டால், "நாங்க கவர்மெண்டு ஆளுங்க" என்று நகர்ந்துவிடலாம். அந்தப் போர்வை 2021-இல் பணி ஓய்வோடு போய்விட்டது.

ஜெபக்கூட்டத்தில் யோதாம்

2022 அக்டோபர் 10-ஆம் தேதி நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. சில நாளில் பேராக் சட்டமன்றமும் கலைந்தது. அதற்கடுத்த வாரம் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். வெளியே நல்ல மழை, உள்ளே விசிறி, கூடம் நிறைய ஆட்கள். பாஸ்டர் நியாயாதிபதிகள் 9-ஆம் அதிகாரத்தை எடுத்தார். மரங்கள் தங்களுக்கு ஒரு ராஜா வேண்டுமென்று புறப்பட்ட கதை. முதலில் ஒலிவமரத்திடம் போகின்றன. என் எண்ணெயை விட்டுவிட்டு மரங்களை ஆள வருவேனா என்கிறது. அத்திமரம் என் மதுரத்தை விடமாட்டேன் என்கிறது. திராட்சச்செடி என் ரசத்தை விடமாட்டேன் என்கிறது. கடைசியில் முட்செடியிடம் போனால் அது உடனே ஒத்துக்கொள்கிறது, என் நிழலில் வந்து தங்குங்கள் என்கிறது. முட்செடிக்கு ஏது நிழல்? யோதாம் இதைக் கெரிசீம் மலை உச்சியில் நின்று கத்திச் சொல்லிவிட்டு ஓடிப்போனான், ஏனென்றால் அவன் அண்ணன் அபிமெலேக்கு எழுபது வெள்ளிக்காசு வாங்கி ஆள் பிடித்து, சொந்தச் சகோதரர்களைக் கொன்று பதவிக்கு வந்திருந்தான். எழுபது வெள்ளி என்றதும் கூடத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எங்கள் ஊரில் ரேட்டு அதைவிட அதிகம் என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பாஸ்டர் நன்றாகவே பேசினார். நல்லவர்கள் ஒதுங்கினால் முட்கள் ஆளும் என்றார். ஆகையால் கர்த்தர் ஒலிவமரங்களை எழுப்பும்படி ஜெபிப்போம் என்று முடித்து, கண்ணை மூடச் சொல்லப்போன நேரத்தில், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆயா கையைத் தூக்கினார். பால்மரம் வெட்டியே மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். செம்பனை வந்து, ரப்பர் போய், தோட்டம் கைமாறி, லயத்தை விட்டு வெளியே வந்து இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். ஜெபக்கூட்டத்தில் கையைத் தூக்கினால் சாட்சி சொல்லப் போகிறார் என்று அர்த்தம். பாஸ்டரும் சந்தோஷமாக, "சொல்லுங்க ஆயா" என்றார்.

"ஒலிவமரம் வந்துச்சே, பாஸ்டர். நாமதானே வெட்டுனோம்?"

யாருக்கும் சட்டென்று புரியவில்லை. பாஸ்டர், "எந்த ஒலிவமரம் ஆயா?" என்றார். "டாக்டரு" என்றார் ஆயா. அவ்வளவுதான். விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

டாக்டர் கதை

சுங்கை சிப்புட்டில் "டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அது டாக்டர் ஜெயகுமார் தேவராஜ். நாட்டின் மற்ற மூலைகளில் இருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவரும் அவர் துணைவியாரும் 'அலைகள்' என்ற அமைப்போடு தோட்டத்து மக்களிடையே பல வருடம் வேலை செய்தவர்கள். மலேசிய சோசலிசக் கட்சிக்காரர். 1999-இல் நின்று தோற்றார், 2004-இல் நின்று தோற்றார், 2008-இல் எதிர்க்கட்சியான கெஅடிலானின் சின்னத்தில் நின்று சாமிவேலுவைத் தோற்கடித்தார். 2011-இல் அவசரகாலச் சட்டத்தின் கீழ் விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கப்பட்ட ஆறு பேரில் ஒருவர். எதிர்க்கட்சி எம்.பி.யின் தொகுதிக்கு மேம்பாட்டு நிதி கிடையாது என்ற வழக்கத்தை எதிர்த்து நீதிமன்றம் வரை போனவர். 2013-இல் மறுபடியும் ஜெயித்தார். 2018-இல் கெஅடிலான் தன் வேட்பாளரையே நிறுத்தியது. டாக்டர் தன் கட்சியின் சொந்தச் சின்னத்தில் தனியாக நின்றார். ஆட்சி மாற்ற அலை அடித்தது. பத்து வருடம் எம்.பி.யாக இருந்தவர் டெபாசிட் இழந்தார். நாடாளுமன்றத் தொகுதிக்கு டெபாசிட் 10,000 வெள்ளி (ரிங்கிட்), பதிவான வாக்கில் எட்டில் ஒரு பங்குகூடக் கிடைக்காவிட்டால்தான் அது போகும்.

ஆயா சொன்னதை அப்படியே விட யாருக்கும் மனமில்லை. வாலிபர் கூட்டத் தலைவன், கெட்டிக்காரப் பையன், மரியாதையாகவே பேசினான். "ஆயா, அன்னிக்கு நாம டாக்டருக்குப் போட்டு ஓட்டு பிரிஞ்சிருந்தா பாரிசான் உள்ள வந்திருக்கும். அறுபத்தொரு வருசம் ஆண்டவங்கள மாத்தணும்னா வேற வழியில்ல." அவன் சொன்னதில் தவறு கிடையாது. ஒரே தாளில்தான் எம்.பி.யையும் தேர்ந்தெடுக்கிறோம், பிரதமரையும் தேர்ந்தெடுக்கிறோம். அதிக ஓட்டு வாங்கியவர் மட்டுமே உள்ளே போகும் முறையில், நல்ல ஆளைப் பார்த்துப் போடும் ஓட்டு சில சமயம் பிடிக்காத ஆளை ஜெயிக்க வைத்துவிடும். டாக்டரே வேறு யாருக்காவது விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று சொன்னவர்களும் அன்றைக்கு இருந்தார்கள். இதையெல்லாம் நானும் என் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

ஆயா அவனை அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரிதான்யா. தப்புன்னு நான் சொல்லலியே. பாஸ்டரு மரமா முள்ளான்னு கேக்குறாரு. நாம அதப் பாத்தா போட்டோம்? எந்தப் பக்கம் கூட்டம் நிக்குதுன்னு பாத்துப் போட்டோம். அதச் சொல்லிட்டு ஜெபம் பண்ணுங்க, கேக்குறவருக்கும் தெரியட்டும்."

இதற்குப் பிறகு பாஸ்டர் ஜெபம் செய்தார், சுருக்கமாக. தேநீரும் வடையும் வந்தன. பேச்சு மழைக்குத் திரும்பியது. நான்தான் அன்றிரவு தூங்காமல் அதே அதிகாரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருடம் ஓய்வுநாள் பள்ளியில் இந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மரங்களின் படம் வரைந்து பிள்ளைகளை வர்ணம் தீட்ட வைத்திருக்கிறேன். ஆனால் மூன்று மரங்களும் சொல்லும் சாக்குகளை உன்னிப்பாகப் படித்ததில்லை. அவை ஒன்றும் சோம்பேறிச் சாக்குகள் அல்ல. ஒலிவ எண்ணெய் தேவனைக் கனம்பண்ணுகிற பொருள். திராட்சரசம் தேவனையும் மனுஷரையும் மகிழ்ச்சியாக்குகிறது. அதாவது, எனக்கு ஊழியம் இருக்கிறது, அதை விட்டுவிட்டு உங்கள் அரசியலுக்கு எப்படி வருவேன் என்கின்றன. இதே வார்த்தைகளைச் சபை வட்டாரத்தில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! பெண்கள் ஐக்கியம், உபவாச ஜெபம், மருத்துவமனை சந்திப்பு, எல்லாமே நல்ல காரியங்கள்தான். நம் காரணங்கள் இவ்வளவு நல்லவையாக இருப்பதால்தான் அவற்றை யாரும் சந்தேகிப்பதில்லை. யோதாம் முட்செடியை மட்டும் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். எதற்காக மூன்று நல்ல மரங்களை வரிசையாக நிறுத்திப் பேச வைத்தான்?

ஆயா சொன்னது இன்னும் ஒரு படி மேலே. யோதாமின் கதையில் நல்ல மரம் எதுவும் சம்மதிக்கவில்லை. எங்கள் ஊரில் ஒன்று சம்மதித்தது. கதை எழுதியவருக்கே அந்த நிலை தோன்றவில்லையா, அல்லது அதைச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று விட்டுவிட்டாரா என்று தெரியவில்லை. டாக்டர் கிறிஸ்தவரா இல்லையா, அவர் கட்சியின் கொள்கை எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பதெல்லாம் இங்கே விஷயமில்லை. சபையில் அன்றிருந்த எல்லோருக்கும் அவர் யாரென்று தெரியும். அதுதான் உறுத்தல்.

பிரபுக்களை நம்பாதேயுங்கள்

அந்த மாதமே வாலிபர் கூட்டத்தில் இன்னொரு சங்கதி. 18 வயதில் ஓட்டு என்ற திருத்தம் 2019-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2021 டிசம்பரில் அமலுக்கு வந்தது. பதிவு செய்யவே தேவையில்லை, வயதானால் பெயர் தானாக வாக்காளர் பட்டியலில் ஏறிவிடும். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அதுதான் முதல் தேர்தல். அவர்களில் ஒருத்தி எழுந்து, "நான் போகப்போறதில்ல, என் நம்பிக்கை கர்த்தர்மேல" என்றாள். கைதட்டல். 146-ஆம் சங்கீதம் மூன்றாம் வசனத்தையும் ஒப்பித்தாள்: "பிரபுக்களையும், இரட்சிக்கத்திராணியில்லாத மனுபுத்திரனையும் நம்பாதேயுங்கள்." ஆமென் என்று பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. ஆட்சி மாறிய 2018 மே 9-ஆம் தேதி அவள் இடைநிலைப்பள்ளி மாணவி. அவள் அப்பா வரிசையில் நின்று, விடிய விடிய டிவி பார்த்து, அழுது, கொண்டாடியதை அவள் பார்த்திருக்கிறாள். 22 மாதத்தில் அந்த ஆட்சி கவிழ்ந்ததையும் பார்த்தாள். அதன்பின் இரண்டு பிரதமர்கள் தேர்தலே இல்லாமல் வந்தார்கள். பேராக்காரர்களான எங்களுக்கு இதில் பழக்கம் அதிகம். 2009-இல் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் விலகியதில் மாநில அரசு போனது. 2020-இல் மறுபடி மாறியது, அந்த ஆண்டு டிசம்பரில் மாநில முதல்வரான மந்திரி பெசாரே நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றுப் பதவி இழந்தார். கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம் 2022 அக்டோபர் 5-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது, நாடாளுமன்றம் கலைவதற்கு ஐந்து நாள் முன்பு. இத்தனையும் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் போய் ஓட்டுப் போடுவது கடமை என்று பாடப்புத்தகம் போலச் சொன்னால் எடுபடாது.

ஆனால் சங்கீதத்தை மூன்றாம் வசனத்தோடு மூடிவைப்பது எனக்குச் சம்மதமில்லை. ஏழாம் வசனத்துக்குப் போனால் கர்த்தர் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நியாயம் செய்கிறார், பசித்தவர்களுக்கு ஆகாரம் கொடுக்கிறார். ஒன்பதில் பரதேசிகளையும் விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஆதரிக்கிறார். பிரபுக்களை நம்பாதே என்று சொன்னது, அவர்கள் செய்யவேண்டிய வேலை எது என்பதை மறப்பதற்காக அல்ல. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரபுக்களை நம்புவதில்லை என்று ஆமென் போட்டவர்களில் சிலரை, மறுவாரம் அரிசி மூட்டை கொடுத்த கூடாரத்தில் பார்த்தேன். வாங்குவது தவறென்று சொல்லமாட்டேன், வீட்டில் தேவை இருக்கும். ஆனால் மூட்டையை வாங்கிக்கொண்டு அரசியல் அசுத்தம் என்பது எந்த வகை வேதவாக்கியம்?

அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்தது எரேமியா 28, 29. அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருடத்தில் பாபிலோன் நுகம் முறிந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லோர் முன்பும் சொல்கிறான். அதற்கு எரேமியா என்ன சொன்னார் தெரியுமா? முதலில் ஆமென் என்றார். கர்த்தர் அப்படியே செய்யட்டும் என்றார். அவருக்கும் ஆசைதான். ஆனால் அது நடக்காது என்று தெரிந்தபின், சிறைப்பட்டுப் போனவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்: எழுபது வருடம் ஆகும், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். 2018-இல் எங்களில் பலர் அனனியாவின் ஆட்களாக இருந்தோம். 2020-க்குப் பின் யாருடைய ஆட்களாகவும் இல்லை, அதுதான் சிக்கல். எழுபது வருடம் காத்திருக்கும் நம்பிக்கைக்குக் கையில் வேலை வேண்டும். எரேமியா கொடுத்த முதல் வேலை வீடு கட்டுவது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது வெறும் உவமை இல்லை. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லய வீடு கம்பெனியின் சொத்து. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. தோட்ட நிலங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளின் சிறு சிறு பங்குப் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியது அதனால்தான். என் அப்பாவும் அதில் பங்கு வைத்திருந்தார்.

அந்தப் பெண் நவம்பர் 19 அன்று ஓட்டுப் போட்டாளா என்று நான் கேட்கவில்லை. முடிவு என்னவென்று எல்லோருக்கும் தெரியும்: யாருக்கும் பெரும்பான்மை இல்லை, ஐந்து நாள் இழுபறி, 24-ஆம் தேதி அன்வார் பிரதமராகப் பதவியேற்றார். 2018-இல் எதிர்த்துக் கத்திய பாரிசானோடு கைகோத்து. எங்கள் ஆயா அதற்குச் சிரித்தார், அவ்வளவே.

2024-இல் சிலாங்கூர் மாநிலத்தின் கோலகுபு பாரு இடைத்தேர்தல் வந்தது. ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் இருபது வருடத்துக்கும் மேலாகக் கேட்டுவந்த சொந்த வீட்டுக்கு, பிரச்சார நேரத்தில் அறிவிப்பு வந்தது. அது வெறும் ஓட்டு வியூகம் என்று எங்கள் வாட்சப் குழுவில் ஒரே கேலி. செய்தியை ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எலெக்சன் வந்தாத்தான் வீடு வருமா?" என்று கேட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அடிக்கடி எலெக்சன் வரட்டும்." சேற்றிலிருந்து வந்தாலும் வீடு வீடுதான் என்பது அவர் கணக்கு. அந்த இருபது வருடமும் அந்த மக்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததை அவர்தான் நினைவூட்டினார். யாரும் கேட்காத வீட்டை எந்த இடைத்தேர்தலும் கொண்டுவராது.

செயலாளர் பதவி

போன வருடம் எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. தலைவர் கிடைத்தார், பொருளாளர் கிடைத்தார், செயலாளர் பதவிக்கு ஆளில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒரு கட்சிக்காரரின் கையாள் மட்டும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று தயாராக நின்றார். அவருக்கு அந்தச் சங்கத்தின் முத்திரைதான் தேவை என்பது எல்லோருக்கும் தெரியும். அப்போது ஆயாவின் மருமகன், "டீச்சர் ரிட்டயர் ஆயிட்டாங்களே" என்றார். நான் எழுந்து, "எனக்கு ஓய்வுநாள் பள்ளி இருக்கு, ஐக்கியம் இருக்கு..." என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தவுடன் எனக்கே காதில் விழுந்தது. பாதியில் நிறுத்தி உட்கார்ந்தேன். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

செயலாளர் வேலை என்றால் பெரும்பாலும் வடிகால். எங்கள் பின்வரிசை வீடுகளில் மழை வந்தால் கால்வாய் நீர் அடுப்படிக்குள் வருகிறது. இதற்கு யாரைக் கேட்பது? உள்ளாட்சித் தேர்தல் இந்த நாட்டில் 1965-இல் நிறுத்தப்பட்டது, மறுபடி நடக்கவே இல்லை. கவுன்சிலர்களை நியமிக்கிறார்கள், நாம் ஓட்டுப் போட்டு அனுப்புவதில்லை. அதனால் சாக்கடைக்கும் எம்.பி.யைத் தேடிப் போகிறோம், அவர் சாக்கடையைச் சரி செய்தாரா என்பதை வைத்து அவருடைய நாடாளுமன்ற வேலையை அளக்கிறோம். டாக்டருக்கு எதிராக 2018-இல் நான் கேட்ட புகார்களிலேயே அதிகம் கேட்டது, "அவரு பேசுறாரு, ஆனா எங்க ரோடு அப்படியே இருக்கு" என்பதுதான். நிதியே தரப்படாத எம்.பி.யிடம் ரோடு கேட்டோம்.

வடிகாலுக்காக எழுதிய கடிதங்களுக்கு "நடவடிக்கையில் உள்ளது" என்ற பதில் மட்டும் வந்திருக்கிறது. வரும் வியாழக்கிழமை சங்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் நேரிலேயே போகிறோம். சபையிலிருந்து பாஸ்டரும் வருகிறேன் என்றார், ஜெபிக்க அல்ல, அவர் வீடும் பின்வரிசையில்தான் இருக்கிறது. ஆயாவும் வருகிறார். அங்கே உட்கார நாற்காலி இருக்குமா என்று மட்டும் கேட்டார்.